லேப்டாப்பை வைத்து வீட்டிலேயே காரை ஸ்கேன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. சொந்தக் கார் ஒன்று, ஒரு பழைய லேப்டாப், ஞாயிற்றுக்கிழமை காலை, இவ்வளவுதான் என் தகுதி. டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்ததும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

லேப்டாப்பை மாட்டினால் காரில் என்ன பழுது என்று அது சொல்லிவிடுமா?

சொல்லாது. பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, பிளக்கில் எப்போது பொறி விடுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஈசியூ எனும் சின்னக் கம்ப்யூட்டர். என்ஜினைச் சுற்றியுள்ள சென்சார்கள் அதற்கு அளவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஓர் அளவு வரம்பு மீறினால் அதற்குரிய எண்ணை நினைவில் எழுதிவைத்துக்கொண்டு லைட்டைப் போடும். அந்த எண்ணைப் படிப்பதும், ஓடும் என்ஜினின் அளவுகளை அப்போதைக்கப்போது பார்ப்பதும்தான் ஸ்கேன். பழுதைக் கண்டுபிடிக்கிற வேலை அதற்கப்புறம் நம்முடையது.

என் காரில் இது வேலை செய்யுமா? எங்கே மாட்டுவது?

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும், இந்த எண்களைப் படிக்க ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு அது 2001-ல் வந்தது. இந்தியாவில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரலிலிருந்து கட்டாயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2013-க்கு முந்தைய பழைய கார்களில் அதே வடிவச் சாக்கெட் இருந்தாலும், உள்ளே ஓடுவது நிறுவனத்தின் சொந்த மொழியாக இருக்கலாம். சாக்கெட்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் அடாப்டரில் லைட் எரியும், லேப்டாப்பில் ஒன்றும் வராது.

சாக்கெட் 16 முனை கொண்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஃப்யூஸ் பெட்டிப் பக்கம் கையை விட்டுத் தடவினால் கிடைத்துவிடும். சில கார்களில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். கழுத்தை வளைத்துத் தேடுவதைவிட மொபைல் கேமராவை அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பார்ப்பது சுலபம்.

எந்த அடாப்டர் வாங்கலாம்?

கடைகளில் குவிந்து கிடப்பவை எல்லாம் ஈஎல்எம்327 என்ற பெயரில் வரும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்த சிப். முதல் பதிப்புக்கு அவர்கள் பூட்டுப் போடாமல் விட்டுவிட்டதால் சீனாவில் அதை அப்படியே நகலெடுத்தார்கள். அந்த நிறுவனம் 2022-ல் கடையையே மூடிவிட்டது. நகல்கள் மட்டும் இன்னும் அமோகமாக விற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை: உறையில் '1.5' என்று போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிட்டதே கிடையாது. ஆனாலும் நகல்களில் அந்த '1.5' பரவாயில்லை. '2.1' என்று போட்டவற்றில் பல கட்டளைகளுக்குப் பதில் வராது, பழைய கார்களோடு பேசவும் தெரியாது.

லேப்டாப்புக்கு என்றால் யுஎஸ்பி கேபிள் உள்ளதையே வாங்குங்கள். ப்ளூடூத் பாதியில் அறுந்துபோகும்போது தவறு காரிலா அடாப்டரிலா என்று குழம்ப வேண்டியிருக்காது. அதோடு வரும் குட்டி சிடியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் திருட்டு மென்பொருள், கூடவே வைரஸும் இலவசமாக வரலாம்.

மொபைலே போதாதா?

எண்ணைப் படிக்கவும் அழிக்கவும் தாராளமாகப் போதும். டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. (ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரண ப்ளூடூத் அடாப்டர் உங்களுக்கு ஒத்துவராது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ பார்த்து வாங்க வேண்டும்.)

லேப்டாப் தேவைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. நாலைந்து அளவுகளை ஒரே திரையில் கோடுகளாக ஓடவிட்டு, எது முதலில் ஆடியது என்று பார்க்கலாம், பதிவு செய்து வைத்துக்கொண்டு நிதானமாக அலசலாம். இன்னொன்று, நிறுவனத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகையறாவுக்கு விசிடிஎஸ். பின்னதுக்கு அதற்கென்று தனிக் கேபிள் வாங்க வேண்டும். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. மறைமலை நகரில் பிறந்த அந்தக் கார்களை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் கையில் இருப்பது நல்ல துணை.

கேபிளை மாட்டினேன், லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்ய?

முதலில் சாவியைத் திருப்பினீர்களா? சாக்கெட்டின் 16-ஆம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், அதனால் சாவி போடாமலே அடாப்டரில் லைட் எரியும். அதைப் பார்த்து ஏமாறாதவர் இல்லை. ஈசியூ விழிக்க வேண்டும் என்றால் சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். என்ஜின் ஓட வேண்டிய அவசியம் இல்லை.

அடாப்டரிலேயே லைட் எரியவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். மலிவு சார்ஜர் ஏதாவது அதை எரித்திருக்கும்.

லைட் எரிகிறது, லேப்டாப்தான் முரண்டு பிடிக்கிறது என்றால் டிரைவர் (கேபிளை லேப்டாப்புக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள்) சிக்கல். கேபிளுக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப் எஃப்டிடிஐ, சிஎச்340, பிஎல்2303 இவற்றில் ஒன்றாக இருக்கும். அதற்கேற்ற டிரைவரைச் சிப் செய்தவரின் தளத்திலிருந்து இறக்குங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் 'காம்' எண் எது என்று பார்த்து, அதே எண்ணை மென்பொருளில் கொடுங்கள். வேகம் பெரும்பாலும் 38400.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் மென்பொருள் அடம்பிடித்தால், புட்டி (PuTTY) போன்ற, கட்டளைகளை அடித்து அனுப்பும் ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து நேரடியாகக் காரோடு பேசிப் பார்க்கலாம். 0105 என்று அடித்தால் கூலன்ட் வெப்பத்தைக் கேட்கிறோம் என்று அர்த்தம். 41 05 78 என்று பதில் வருகிறது என்று வையுங்கள். கடைசி 78 பதினாறடிமான எண், நம் கணக்கில் 7×16+8, அதாவது 120. அதில் 40-ஐக் கழித்தால் 80 டிகிரி. இது தேவையே இல்லாத வேலைதான். ஆனால் கார் நமக்குப் பதில் சொல்லும் முதல் தடவை ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவாவது ஒருமுறை செய்யலாம்.

எண் வந்துவிட்டது. அந்த சென்சாரை மாற்றிவிட வேண்டியதுதானே?

வீட்டில் ஸ்கேன் செய்கிறவர்கள் காசைத் தொலைக்கும் இடம் இதுதான். ஒர்க்‌ஷாப்களிலும் நடக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் லேசாக ஏறி இறங்கியது, இரண்டு நாளில் மஞ்சள் லைட். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு பி0171 என்றார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பல ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு போட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த எண்ணை எழுத வைத்தது ஆக்சிஜன் சென்சார்தான், சந்தேகமே இல்லை. சைலன்சர் புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனை அளந்து சொல்வது அதன் வேலை. கூடுதல் காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. வீட்டில் லேப்டாப்பில் பார்த்தபோது சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நல்ல சென்சார் அப்படித்தான் ஆடும். ஆனால் ஃப்யூல் ட்ரிம், கார் நின்றபடி என்ஜின் ஓடும்போது கூட்டல் 22 சதவீதம், 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்தால் கூட்டல் 5. அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் ஏதோ ஒரு ஹோஸ் காற்றை உறிஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டது. (ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி.) திரையைப் பார்த்தபடியே, என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்கு அப்பால் உள்ள சின்ன ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறடால் லேசாக நெரித்துக்கொண்டு வந்தேன். ஒன்றை நெரித்ததும் எண் சரசரவென்று இறங்கியது. முழங்கை மாதிரி வளைந்த இடத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில், நீளமாக ஒரு வெடிப்பு. புது ஹோஸ் போட்டேன். அந்த ஆக்சிஜன் சென்சார் இன்றைக்கும் அதே காரில் ஓடுகிறது.

மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) எண்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0303 என்றால் மூன்றாவதில். பிளக்குக்கு மேல், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் தனித்தனியாக உள்ள கார் என்றால், முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதை முதலுக்கும் மாற்றிப் போட்டு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில் செத்துவிட்டது. மறுபடி பி0301 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். செலவு ஒரு பைசா இல்லை.

அந்த ஃப்யூல் ட்ரிம் என்பது என்ன?

வீட்டுக்காரருக்கு மிகவும் பயன்படும் எண் இதுதான் என்பது என் கருத்து. ஈசியூ ஒரு கணக்குப் போட்டுப் பெட்ரோலைத் தெளிக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னால் கொஞ்சம் கூட்டுகிறது, அதிகம் என்று சொன்னால் குறைக்கிறது. அந்தக் கூட்டல் கழித்தலைச் சதவீதத்தில் சொல்வதுதான் ட்ரிம். ஷார்ட் டேர்ம் என்பது இந்த நொடியின் திருத்தம். லாங் டேர்ம் என்பது அது நாள்பட்டுப் பழக்கமாகிப்போனது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் என்றால் கவலை வேண்டாம்.

எப்போது அதிகமாகிறது என்பதில்தான் சூட்சுமம். ஹோஸில் ஓட்டை என்றால் நின்றபடி ஓடும்போது கூட்டல் பெரிதாக இருக்கும், ரேஸ் கொடுத்தால் குறையும். ஏனென்றால் ஓட்டை வழியே வரும் காற்று ஓரளவு மாறாதது. என்ஜின் குறைவாக மூச்சிழுக்கும்போது அது பெரிய பங்கு, அதிகமாக இழுக்கும்போது சொற்பம். பெட்ரோல் பம்ப் தளர்ந்துபோனாலோ ஃபில்டர் அடைத்தாலோ இது தலைகீழாக நடக்கும். நிற்கும்போது சாதுவாக இருந்து, மேட்டில் ஏறும்போது ட்ரிம் எகிறும். கழித்தல் பக்கம் போனால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இ20 பெட்ரோல் போட்ட பிறகு என் ட்ரிம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பழுதா?

இல்லை. வெறும் பெட்ரோல் எரிய எடையளவில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது 13.5-க்கு அருகில் வந்துவிடும். 10 சதவீதக் கலவைக்காகக் கணக்கு வைத்திருந்த ஈசியூ அதே காற்றுக்கு 4, 5 சதவீதம் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கும். அதைத்தான் திரையில் பார்க்கிறீர்கள். ஆனால் இன்னொன்றும் நடக்கும். ஏற்கெனவே சின்ன ஓட்டையால் கூட்டல் 15-ல் ஓடிக்கொண்டிருந்த கார் இந்தக் கூடுதலால் வரம்பைத் தாண்டி லைட்டைப் போட்டுவிடலாம். அப்போது பெட்ரோலைத் திட்டிவிட்டு ஓட்டையை மறந்துவிடாதீர்கள்.

'சர்க்யூட்' என்ற சொல்லோடு எண் வருகிறது. புது சென்சார் போட்டும் போகவில்லையே?

எலி.

சிரிக்காதீர்கள், மழைக்காலத்தில் வீட்டு வாசலில் நான்கு நாள் நின்ற காருக்கு முதல் சந்தேகம் அதுதான். 'சர்க்யூட் ஹை', 'சர்க்யூட் லோ' என்று வந்தால் சென்சாரைவிட அதற்குப் போகும் வயரும் கப்ளரும்தான் பெரும்பாலும் குற்றவாளி. பானெட்டைத் திறந்து, கடித்த வயர், பச்சை பூத்த முனை, தளர்ந்த எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையும் உதவும். காலையில் குளிர்ந்த காரில் சாவி மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் இரண்டையும் பாருங்கள். இரண்டும் அன்றைய வெயில் அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28, இன்னொன்று மைனஸ் 40 என்று காட்டினால், மைனஸ் 40-ல் இருக்கும் சென்சாரின் இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள். நம்மூரில் மைனஸ் 40 எங்கே வரப்போகிறது.

எண்ணை அழித்துவிட்டால் லைட் அணைந்துவிடுகிறதே, அது போதாதா?

அழிக்கும் முன் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: எண், ஃப்ரீஸ் ஃப்ரேம், ட்ரிம். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது பழுது தெரிந்த அந்தக் கணத்தின் படம். வேகம், ஆர்பிஎம், வெப்பம், என்ஜின் மேல் இருந்த சுமை எல்லாம் அதில் இருக்கும். 'குளிர்ந்த என்ஜின், வேகம் பூஜ்யம்' என்று இருந்தால் நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டித் தேடிப் பயனில்லை. அழித்ததும் இதெல்லாம் போய்விடும், ஈசியூ கற்றுவைத்த திருத்தங்களும் பல கார்களில் போய்விடும். பழுதைச் சரிசெய்யாவிட்டால் லைட் எப்படியும் திரும்ப வரும், ஆனால் தடயம் போயிருக்கும்.

லைட் மின்னி மின்னி எரிகிறது.

ஓரமாக நிறுத்துங்கள். தொடர்ந்து எரிந்தால் நிதானமாக வீடு போய்ப் பார்க்கலாம். மின்னினால் கடுமையான மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். காயில் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே.

பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) வந்திருக்கிறது. கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. முன்னால் இருப்பது ஆட வேண்டும், பின்னால் இருப்பது 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். பின்னாலுள்ளதும் முன்னதோடு சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம். அதற்கு முன் சைலன்சர் இணைப்பில் புகைக் கசிவு இல்லை, மிஸ்ஸிங் எண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும்.

ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகளையும் பார்க்க முடியுமா?

பொது ஓபிடி முறை புகை சம்பந்தப்பட்டவற்றுக்காக வந்தது, அதனால் என்ஜினும் கியரும்தான் அதில் வரும். மேலே சொன்ன நிறுவன மென்பொருள்கள் மற்றவற்றையும் படிக்கும். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர்பேக்கில் இருப்பது வெடிமருந்து, யூடியூப் பார்த்துக் கைவைக்கும் இடம் அல்ல. சில நூறு ரூபாய் அடாப்டரை வைத்து ஈசியூவுக்குப் புது மென்பொருள் ஏற்றவும் முயலாதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டீசல் காருக்கு?

எண்களும் அளவுகளும் வரும். மேலே சொன்ன ட்ரிம் கணக்கு பொருந்தாது. பிஎஸ்-6 டீசலில் பார்க்க வேண்டியது டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி எவ்வளவு கரி பிடித்திருக்கிறது என்பது, அதற்குப் பொது மென்பொருள் பெரும்பாலும் போதாது.

பழைய கார் வாங்கப் போகிறேன். இதை எடுத்துப் போகலாமா?

கட்டாயம். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், விற்பவர் காலையிலேயே அழித்திருப்பார். 'எண்கள் அழிக்கப்பட்டதிலிருந்து ஓடிய தூரம்' என்று ஓர் அளவு பல கார்களில் கிடைக்கும். அதில் 3 கிலோமீட்டர் என்று இருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற பட்டியலும் உண்டு. ஈசியூ தன் சோதனைகளை ஓட்டி முடித்துவிட்டதா என்று அது சொல்லும். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரி புதிது என்றால் அதையும் கேளுங்கள்.

எண் எதுவும் இல்லை, ஆனால் பிக்கப் இல்லை, மைலேஜும் இல்லை. இப்போது?

ஈசியூ வரம்பு மீறினால்தான் வாய் திறக்கும். தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு என்ஜின் 70 டிகிரியைத் தாண்டாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். நம் வெயிலில் அது தெரியாது, பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போகும். அரை மணி ஓட்டிப் பதிவு செய்யுங்கள், வெப்பம் 85-க்கு மேல் போய் நிலைக்க வேண்டும். வோல்ட்டேஜையும் பாருங்கள், ஓடும்போது 13.5-லிருந்து 14.5. அதெல்லாம் சரி என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு டயர் காற்று, பிரேக் பிடித்தபடி நிற்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். அவற்றுக்கெல்லாம் பெரும்பாலான கார்களில் சென்சார் கிடையாது.

ஓட்டிக்கொண்டே பார்க்க நினைத்தால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

அடாப்டரை அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். கார் நின்றாலும் அது மின்சாரம் குடிக்கும், ஊருக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி படுத்திருக்கும். ப்ளூடூத் அடாப்டர் என்றால் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234, வைஃபை என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது. பக்கத்தில் நிற்பவர் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

இதையெல்லாம் கொண்டுபோனால் மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "அண்ணே, பி0171, ஹோஸ் லீக்தான், மாத்திக் கொடுங்க" என்று உத்தரவு போட்டால் யாருக்கும் பிடிக்காது. "நிக்கும்போது ட்ரிம் 22, ரேஸ் கொடுத்தா 5, என்ஜின் ஆறியிருக்கும்போதும் சூடானப்புறமும் அப்படியேதான் இருக்கு, நீங்க ஒருதடவை பாருங்கண்ணே" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். என் மெக்கானிக் முதல் தடவை அந்தச் சீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இப்போது நான் போனதும், "சீட்டு எங்க சார்?" என்றுதான் கேட்கிறார்.